டிக் மட்டும் போட்ட பதினோராவது வரி

நான்கு வருடங்களுக்கு முன், அக்னி நட்சத்திரம் கொளுத்திக் கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையின் பின்பக்கம், தீயணைப்புக்காகத் தண்ணீர் தேக்கி வைக்கும் திறந்த கான்கிரீட் தொட்டி ஒன்று உண்டு. அதன் கரையில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம் கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் அங்கே சேஃப்டி ஆபீசர். திருவள்ளூர் மணவாள நகரில் வீடு. விடிந்தும் விடியாமலும் டிபன் பாக்ஸை மூடிக் கொண்டு ஓடி, கம்பெனி பஸ்ஸில் ஏறித் தூங்கி வழிந்து கொண்டே போய்ச் சேருவேன். ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பத்து நிமிடம் பேசுவது என் வேலை. ஹெல்மெட் போடுங்கள், கண்ணாடி போடுங்கள், ஏணியில் ஏறும்போது கையை விடாதீர்கள். நேற்றும் இதையேதான் சொல்லியிருப்பேன், நாளையும் இதையேதான் சொல்வேன். முப்பது வருடமாக வெல்டிங் அடிப்பவர் என் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன். அதனால் அங்கே எனக்கு வைத்த பெயர் ‘ரேடியோ’. காதில் விழும், விழாத மாதிரி நடந்து விடுவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட உண்டு. வேலை தெரிந்தவருக்கே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் இந்த வேலை என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

அந்தத் தொட்டி மூன்று ஆள் ஆழம். அடியில் தீயணைப்பு பம்புக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய். அதன் வாயில் குப்பை போகாமல் இருக்க ஒரு இரும்பு வலைக்கூடை மாட்டியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது பாசியும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்து அந்தக் கூடையை அடைத்துக் கொள்ளும். தொட்டியை வற்ற வைப்பது லேசில்லை. தீயணைப்புத் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் கூடத் தொழிற்சாலை ஓடக் கூடாது. அதனால் அடைப்பு எடுக்கப் பழவேற்காட்டிலிருந்து ஒருவரை வரவழைப்பார்கள்.

அவர் மீன் பிடிக்கிறவர். ஏரியும் தெரியும், கடலும் தெரியும். ஐம்பதை நெருங்குகிற வயது, ஒல்லியான உடம்பு, எதற்கும் பெரிசாகச் சத்தம் போடாத சுபாவம். எங்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’தான். சுற்று வட்டாரத்தில் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும், முகத்துவாரத்தில் நங்கூரம் அறுந்து போனாலும் அவரைத்தான் தேடுவார்கள். வருவார். தொட்டிச் சுவரில் உட்கார்ந்து மூச்சை இழுத்து அடக்குவார், அப்படியே உள்ளே போய் விடுவார். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறு முனையை அவருடைய மச்சான் பிடித்திருப்பார். ஒன்றரை நிமிடம் கழித்து மேலே வந்து ஒரு பெருமூச்சு, மறுபடி உள்ளே. ஏழெட்டு முறை இப்படிப் போய் வந்தால் வேலை முடிந்து விடும். ‘தம்’ பிடிப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று மச்சான் பீற்றிக் கொள்வார், அவர் சிரித்துக் கொண்டே பீடியைப் பற்ற வைப்பார்.

எனக்கு நீச்சல் தெரியாது. பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. கிணறு இருந்தது, ஆனால் எட்டிப் பார்ப்பதோடு சரி. அவர் உள்ளே போன ஒவ்வொரு முறையும் கரையில் நிற்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும். ஒரு தடவை வராமல் போனால் என்ன செய்வோம்? மேலாளரிடம் கேட்டேன். அவர் என்ன இன்றைக்குப் புதிதாகவா இறங்குகிறார் என்றார். நான் விடவில்லை. மூச்சுக் கருவி இல்லாமல் இனிமேல் யாரும் அந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது என்று எழுதி எழுதி, ஒரு வழியாக அதை விதியாகவே ஆக்கி விட்டேன். நன்றாகக் கவனியுங்கள், அது என் யோசனைதான்.

அந்த ரேடியோ வாயை அடைக்கவோ என்னவோ, என்னைச் சென்னைக்கு ஒரு இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். முக்குளிப்பு வேலையைக் கரையிலிருந்து கண்காணிப்பவர்களுக்கான வகுப்பு. கடைசியில் எங்களையும் சிலிண்டர் மாட்டி ஒரு நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். ஒன்றரை ஆள் ஆழம்தான். நான் பயத்தில் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை இறுக மூடிக் கொண்டு மேலே வந்தேன். பயிற்சியாளருக்கு வந்ததே கோபம். எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார். பிறகு உட்கார வைத்து நிதானமாக விளக்கினார்.

கரையில் மூச்சை அடக்கி இறங்குகிறவருக்கு நெஞ்சில் இருக்கிற காற்று, ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தில் சுருங்கும். மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். சிலிண்டர் காற்று அப்படி இல்லை. அதை ஆழத்திலேயே நெஞ்சு நிறைய இழுக்கிறோம். மேலே வர வர அழுத்தம் குறைந்து அது விரியும். வாயை மூடி அடக்கி வைத்தால் போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்து, ரத்தத்தில் கலந்து, மூளைக்கு ஏறி விடும். இதற்குக் கடல் ஆழம் வேண்டியதில்லை, நீச்சல் குளமே போதும் என்றார். அதனால் சிலிண்டர் மாட்டியவர் எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது. விட்டுக் கொண்டும் இழுத்துக் கொண்டும் இருக்க வேண்டும். மேலே வரும்போது தன் வாயிலிருந்து போகிற சின்னக் குமிழியை முந்தக் கூடாது. வாயில் காற்றுக்குழாய் நழுவிப் போனாலும், ‘ஆ’ என்று சொல்லிக் கொண்டே வந்தால் காற்று தானாக வெளியே போய் விடும். எங்கள் எல்லோரையும் ‘ஆ’ சொல்ல வைத்தார், நாங்கள் சிரித்துக் கொண்டே சொன்னோம். கற்றுக் கொள்ளாத ஆளுக்கு இந்த செட்டைத் தொடவே கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, மூச்சு விஷயத்துக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தக் கோடையில் கூடை மறுபடி அடைத்துக் கொண்டது. பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. திங்கட்கிழமை ஆடிட். முறையாகப் படித்த முக்குளிப்பாளர் வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மூச்சுக் கருவி இல்லாமல் இறக்கக் கூடாது என்பது என் விதி. மேலாளர் சுலபமாக முடித்து விட்டார். அந்த செட்டை மட்டும் வாடகைக்கு எடுத்து நம்ம அண்ணனுக்கு மாட்டி விடுங்கள், கடலில் பிறந்தவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. வெறும் மூச்சோடு இறங்குவதற்கு இது மேல் அல்லவா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். செட் கொடுத்த கடையில், இறங்குபவர் பயிற்சி எடுத்தவரா என்று கேட்டார்கள். நாற்பது வருடமாக முக்குளிப்பவர் என்றேன். அது பொய்யும் இல்லை, அவர்கள் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணனும் மச்சானும் பைக்கில் வந்து இறங்கினார்கள். நான் ராத்திரியே ஒரு செக்லிஸ்ட் தயாரித்து வைத்திருந்தேன். தமிழில், பதினோரு வரி. ஒவ்வொன்றையும் விளக்கி, டிக் போட்டு, கடைசியில் நானும் இறங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். தொட்டிக் கரையில் பராமரிப்புப் பிரிவு ஆட்கள் ஆறேழு பேர் வேடிக்கை பார்க்கக் கூடி விட்டார்கள்.

சிலிண்டரில் காற்று முழுசாக இருப்பதைக் கேஜில் காட்டினேன். முள் எங்கே வந்தால் மேலே வந்துவிட வேண்டும் என்று காட்டினேன். ரெகுலேட்டர் என்கிற அந்தக் காற்றுக்குழாயை வாயில் கடிக்கச் சொல்லி, அதன் வழியாக மட்டும் மூச்சு விட வைத்தேன். காற்று ஏற்றினால் மிதக்க வைக்கும் ஜாக்கெட், ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் கழற்றிப் போட வேண்டிய ஈயக்கட்டி பெல்ட், கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன அர்த்தம், எல்லாம் ஆயிற்று. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்தக் காலை வெயிலுக்குக் கூட அவர் நெற்றியில் வியர்வை அளவுக்கு மேல் இருந்தது. ரப்பர் உடையில் புழுங்குகிறது போல என்று நினைத்துக் கொண்டேன்.

பத்தாவது வரி, காது. ஆழத்தில் காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக் கொண்டு மெதுவாக ஊத வேண்டும் என்று தொடங்கினேன். அண்ணன் சிரித்து விட்டார்.

“இத்த நாங்க பொறந்ததுலேர்ந்து பண்ணிக்கினு கீறோம் மேடம்.”

மச்சான் விடவில்லை. “நீங்க மொதல்ல இந்தத் தண்ணில எறங்குவீங்களா மேடம்? அத்தச் சொல்லுங்க” என்றார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரேடியோவுக்கு இன்றைக்குத்தான் சரியான ஆள் கிடைத்தது என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. எல்லோரையும் விட அண்ணன் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் சுட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினோராவது வரியைப் பார்த்தேன். ‘மூச்சை அடக்காமல் மேலே வரும் முறை விளக்கப்பட்டது.’ ஒரே ஒரு வரி. சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? மூச்சை அடக்குவதிலேயே பேர் எடுத்த மனிதர், நீச்சல் கூடத் தெரியாத நான், சுற்றிலும் சிரிக்கத் தயாராக ஏழு பேர். இவருக்குப் போய் எப்படி மூச்சு விடுவது என்று நான் சொல்லித் தருவதா? வாய் கூசியது. வாயில்தான் குழாய் இருக்கிறதே, தானாக மூச்சு விட்டுக் கொண்டுதானே வருவார் என்று தோன்றியது. டிக் போட்டேன். அவர் பேனாவை அழுத்திப் பிடித்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்திட்டார்.

உள்ளே போனார். முதல் இரண்டு நிமிடம் நான் குமிழிகளையே பார்த்துக் கொண்டிருந்தேன். கொத்துக் கொத்தாக, சீராக வந்தன. வேர்த்துக் கொண்டிருந்த என் கைகள் காய்ந்தன. மேலாளர் மொபைலில் படம் பிடித்தார். ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குகிற வேலையை ஒரே முறையில் முடிக்கப் போகிறார் என்று மச்சானுக்கு வாயெல்லாம் பல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தத் தொட்டியில் முதல் முறையாக ஒரு மனிதர் பாதுகாப்பாக வேலை செய்கிறார், அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கயிறு இரண்டு முறை இழுபட்டது. வேலை முடிந்தது, மேலே வருகிறேன் என்று அர்த்தம். மச்சான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அப்போது குமிழிகள் நின்றன.

ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீரின் மேல் எதுவும் வரவில்லை. அவர் என்ன செய்கிறார் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்து விட்டது. நாற்பது வருடமாகச் செய்வதைச் செய்கிறார். நெஞ்சு நிறைய இழுத்து, தம் பிடித்து, தரையை உதைத்துக் கிளம்பி விட்டார். “மூச்சை விடுங்கண்ணே” என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். காலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லாததை, கேட்க முடியாத இடத்தில் இருந்தவரிடம் கத்தினேன். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

விருட்டென்று மேலே வந்தார். கையில் பாசி தொங்கும் வலைக்கூடை. குழாயைத் துப்பி விட்டு, மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளி, என்னைப் பார்த்துச் சிரித்தார். “அல்லாம் எட்த்துட்டேன் மேடம்” என்றார். ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தார். கூடை கையிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்க வலது கையை நீட்டப் பார்த்தார், கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று கையையே பார்த்தார். சிரித்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டது. உதட்டில் ரத்தம் கலந்த நுரை வந்தது.

மச்சான் குதித்துப் பிடித்துக் கொண்டதால் தண்ணீருக்குள் போகவில்லை. தூக்கிக் கரையில் போட்டோம். உட்கார வைக்கப் பார்த்தவர்களைத் தடுத்து மல்லாக்கப் படுக்க வைத்தேன், முதலுதவி அறையிலிருந்து ஆக்ஸிஜன் கொண்டு வந்து வைத்தேன். வகுப்பில் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எல்லாம் நடந்த பிறகு செய்ய வேண்டியதில் ஒன்றைக் கூட நான் விடவில்லை.

வழியில் இருந்த மருத்துவமனையில் அது பக்கவாதம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நான் டாக்டரிடம் சொன்னேன், சிலிண்டர் காற்றைச் சுவாசித்தார், மூச்சை அடக்கிக் கொண்டு மேலே வந்தார் என்று. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். உடனே சென்னைக்குக் கொண்டு போக வேண்டும், அழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் அறை வேண்டும் என்று போன் மேல் போன் போட்டார். நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார், மூச்சை அடக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற மேலாளர் பதில் சொல்லி விட்டார்.

“சொன்னாங்க சார். கையெழுத்து கூட வாங்கியிருக்கோம்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் சென்னைக்குப் போய், அந்த அறை கிடைத்து, உள்ளே படுக்க வைக்கும்போது மதியம் தாண்டி விட்டது. உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. வார்த்தை வராது, வெறும் சத்தம்தான் வரும்.

விசாரணை நடந்தது. என் செக்லிஸ்ட்டைக் கண்ணாடித் தாள் உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார்கள். பதினோரு டிக், இரண்டு கையெழுத்து. நீங்கள் எல்லாவற்றையும் விளக்கினீர்களா என்று கேட்டார்கள். செக்லிஸ்ட்டில் இருக்கிறது சார் என்றேன். வேலை போய் விடும் என்ற பயம். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எதுவும் கிடையாது. ‘உரிய விளக்கம் தரப்பட்டும் பணியாளர் தன் பழக்கத்தின் காரணமாக விதிமுறையை மீறினார்’ என்று அறிக்கை எழுதினார்கள். அந்தத் தாள் தொழிற்சாலையையும் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது. பழி முழுவதும், வாய் பேச முடியாத மனிதர் தலையில் இறங்கியது.

அடுத்த வாரமே மறுபடி வரிசையின் முன் நின்று ஹெல்மெட், கண்ணாடி என்று ஆரம்பித்தேன். குரல் வந்தது, அதுதான் ஆச்சரியம். யாரும் என்னை ரேடியோ என்று கூப்பிடவில்லை, யாரும் கொட்டாவி விடவும் இல்லை. எல்லோருக்கும் என் மேல் ஒரு இரக்கம். சொல்லச் சொல்லக் கேட்காமல் போய் விட்டார் பாவம், நீங்கள் என்ன செய்வீர்கள் மேடம் என்று ஆறுதல் சொன்னார்கள். கேண்டீனில் எனக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் நான் தூங்கினேன். எப்படித் தெரியுமா? ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துக் கொண்டு. நான் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். காதைப் பற்றிச் சொன்னதற்கே சிரித்தவர், மூச்சைப் பற்றிச் சொன்னால் மட்டும் கேட்கப் போகிறாரா? நாற்பது வருடப் பழக்கம் என் ஒரு வார்த்தையில் மாறி விடுமா? இந்த நினைப்பு இல்லையென்றால் அடுத்த ஒன்றரை வருடத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து வேலையை விட்டேன். போகும் முன், பதினோராவது வரியை நான் விளக்கவில்லை, டிக் மட்டும் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பு முடிக்கப்பட்டு விட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக் கொண்டு பொன்னேரி போய், பஸ் மாறிப் பழவேற்காடு போனேன். விசாரித்துக் கொண்டு பாலம் தாண்டி அவர் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி வெயில்.

அண்ணன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை யாரோ எடுத்து மடியில் வைத்த மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து கொண்டார். கோணிய வாயால் சிரிக்கக் கூடச் செய்தார். அதற்குப் பதில் அவர் காறித் துப்பியிருக்கலாம். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக் கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கொண்டார். இல்லை, உங்களிடம் ஒன்று சொல்ல வந்தேன் என்று தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். பதினோராவது வரி, சிரிப்பு, டிக், மேலாளர் சொன்னது, நான் சொல்லாதது, எல்லாம். கடைசியில், நான் சொல்லியிருந்தாலும் அண்ணன் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த அம்மா கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தார்.

“கேட்டிருப்பாரும்மா” என்றார். “தண்ணி வெசயத்துல யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு, அது வேற. ஆனா காத்து டப்பா மாட்டிக்கினு எறங்குனதே இல்ல. மொத நாளு ராவெல்லாம் தூங்கல, அவ்ளோ பயம். எனக்கு மட்டும்தான் தெரியும். காலீல கெளம்பசொல்ல இன்னா சொன்னாரு தெரியுமா? அந்த மேடம் பக்கத்துலயே கீது, அது அல்லாம் சொல்லிக் குடுக்கும், அது சொல்றாப்ல செஞ்சிட்டு வந்துர்றேன், நீ பயப்படாதேன்னாரு.”

அந்தச் சிரிப்பு, என் வாயை அடைத்த அந்தச் சத்தமான சிரிப்பு, பயந்து போன ஒரு மனிதரின் சிரிப்பு. அன்று அவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன். புழுக்கம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா இன்னும் முடிக்கவில்லை. “சொல்லியும் கேக்காம போனாருன்னு கம்பெனில சொன்னாங்க. ஊரே அப்டித்தான் பேசுது. நானும் ஒன்ற வருசமா அத்தயே சொல்லி இவரத் திட்டிக்கினு கீறேன். சோறு ஊட்டிக்கினே திட்டுவேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா இப்டி ஆயிருக்குமாய்யான்னு. இல்லன்னு சொல்ல இவருக்கு வாயில்லியே.” முந்தானையை வாயில் வைத்துக் கொண்டார். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டுதான் இருந்தார். இடது கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். கிட்டே போனேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், பிறகு என் வாயைக் காட்டினார், புருவத்தை உயர்த்தினார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அன்றைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

சொன்னேன். அந்த நாற்காலியின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, பதினோராவது வரியை விளக்கினேன். சிலிண்டர் காற்று மேலே வர வர விரியும் அண்ணே, அடக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லிக் கொண்டே மெதுவாக வர வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை என் முகத்தை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், அன்று காலை ஆட்டிய அதே மாதிரி.

பிறகு கோணிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தார். “ஆ” என்றார். நெஞ்சில் இருந்த மூச்சு கடைசித் துளி வரை தீரும் வரை, நான் சொன்னபடியே, மெதுவாக, நிறுத்தாமல் சொன்னார்.

இப்போது எங்கேயும் வேலைக்குப் போவதில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று வாய் கூசுகிற போதெல்லாம் அந்த ‘ஆ’ காதில் கேட்கிறது. அவர் கேட்டிருக்க மாட்டார் என்ற ஒரே ஒரு ஆறுதலோடு இருந்தவளுக்கு, அவர் கேட்டிருப்பார் என்பதைத் தெரிந்து கொண்டு மிச்ச நாளைக் கழிப்பதுதான் தண்டனை.